முறையும் பழியும்: ஆங்கிலத் துன்பியல் நாடகங்களில் ஒரு வினா

ஆங்கில நாடக வரலாற்றில் 1587ஐ ஒட்டிய ஆண்டுகள் தொடங்கி ஒரு கால் நூற்றாண்டுக் காலம், பழிவாங்கலைப் பொருளாகக் கொண்ட துன்பியல் நாடகங்கள் பெருகி வழங்கின. இவை உரோம நாடகாசிரியர் செனெக்காவின் வழிவந்தவை என்பர். அவர் பெயரால் வழங்கிய பத்து நாடகங்கள் 1581இல் ஆங்கிலத்தில் ஒரு தொகுதியாக வெளிவந்தன. ஆவியின் தோற்றமும் குருதிக் காட்சியும் நீண்ட புலம்பலும் அவ்வழி வந்தன என்பதில் ஐயமில்லை. ஆயின், அந்நாடகங்களுக்கு உயிரளித்த வினா அந்நாட்டு வாழ்விலேயே பிறந்தது என யாம் கருதுகின்றோம். முறை செய்தற்குரியார் முறை செய்யாவிடின் தீங்குற்றவன் யாது செய்வான் என்பதே அவ்வினா.

தனிமனிதன் பழிவாங்குதலைச் சமயமும் சட்டமும் ஒருங்கே விலக்கின. எனினும் 1584இல் நெதர்லாந்தில் ஆரஞ்சுக் கோமகன் வில்லியம் கொலையுண்டபின், எலிசபெத் அரசியின் உயிருக்கு அஞ்சிய அமைச்சர்கள் ஓர் உறுதிமொழி வகுத்தனர். அரசியைக் கொல்ல முயல்வோரையும், எவர் பொருட்டு அம்முயற்சி நிகழுமோ அவரையும் விடாது தொடர்ந்து கொல்வதாகப் பல்லாயிரவர் அதில் ஒப்பமிட்டனர். பழியை விலக்கிய அரசே பழிச்சூள் வேண்டிற்று! 1585இல் இயற்றப்பெற்ற சட்டமே, விசாரணையை இடையிட்டு அச்சூளை ஒருவாறு நெறிப்படுத்தியது.

இச்சூழலில் எழுந்ததே தாமஸ் கிட் இயற்றிய 'இசுபானியத் துன்பியல்'. அதன் தலைவன் ஹைரோனிமோ, அரசவையின் நீதித்தலைவன். அவன் மகன் ஹொரேஷியோவை, அரசனுடைய உடன்பிறந்தான் மகன் லோரென்சோவும் போர்த்துகல் இளவரசன் பால்தசாரும் அவன் தோட்டத்திலேயே கொன்று தொங்கவிடுகின்றனர். வேறொரு கொலைக்காகப் பெட்ரிங்கானோவுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கும் ஹைரோனிமோவால், தன் மகன் கொலைக்கு முறை பெற இயலவில்லை. அரசனிடம் முறையிடச் செல்லுங்கால் லோரென்சோ குறுக்கிடுகின்றான். பின்னர், மகனை இழந்த முதியவன் ஒருவன் உள்ளிட்டோர் முறைவேண்டி வருகின்றனர். அறிவு திரிந்த நீதித்தலைவன் அவர்தம் விண்ணப்பங்களைப் பல்லாற் கடித்துக் கிழிக்கின்றான். சட்டம் தன் தாளையே கிழிக்கும் இக்காட்சியே நாடகத்தின் நடுநிலை. இறுதியில், எழுதுகோல் சீவுதற்கெனக் கேட்டுப் பெற்ற கத்தியால், கொலையில் தொடர்பில்லாத லோரென்சோவின் தந்தையையும் குத்திக் கொன்று தானும் மடிகின்றான். பழி எல்லை கடந்து குற்றமற்றான்மேலும் பாய்ந்தது.

1603இல் முதன்முதல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்', இவ்வினாவை மேலும் கடினமாக்கிற்று. இங்குக் கொலைஞனே அரசன். எனவே முறையிடுதற்கு மன்றமே இல்லை. ஹாம்லெட்டின் தயக்கத்தை உளநோயாக மட்டும் காண்போர் இதனை மறந்தனர். மேலும், அவன் ஆளறியாது பொலோனியஸைக் கொன்ற அளவில், லேயர்ட்டிஸுக்கு அவனே பழிக்குரியவனாகின்றான். பழிவாங்குவோனும் பழிக்கு இலக்காவோனும் ஒருவனே ஆதலை ஷேக்ஸ்பியர் காட்டினார்.

ஆசிரியர் பெயரின்றி 1607இல் வெளிவந்த 'பழிவாங்குவோன் துன்பியல்' முன்பு டூர்னருடையது எனப்பட்டது; இன்று ஆய்வாளர் பெரும்பாலோர் மிடில்டனுக்கு உரிமையாக்குவர். அதில் வெற்றியுற்ற விண்டிசே, தன் செயலைப் புதிய ஆட்சியாளனிடம் பெருமையுடன் கூறுகின்றான். முன்னவனைக் கொன்றவன் தன்னையும் கொல்வான் என அஞ்சிய அவ்வாட்சியாளன் அவனைக் கொலைக்களத்திற்கு அனுப்புகின்றான். 1611இல் அச்சான டூர்னரின் 'நாத்திகன் துன்பியல்' எதிர்நிலை கொள்கின்றது. அங்குத் தந்தையின் ஆவியே பழியை இறைவனிடம் விடுமாறு மகனுக்குப் பணிக்கின்றது. கொடியோன் மன்றத்தின்முன் ஓங்கிய கோடரி அவன் தலையிலேயே வீழ்கின்றது.

இவ்வளர்ச்சியை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பழிவாங்குவோன்பால் அவையோர்க்கு இரக்கம் உண்டு. அவன் உயிர்வாழ நாடகம் இசைவதில்லை. டூர்னர் மகனை வாழவைத்தது, அவன் கையில் வாள் இல்லாது செய்தே. முறை தவறிய அரசின் குற்றத்தையும் அதனை ஈடுசெய்யப் புகுந்த தனிமனிதன் குற்றத்தையும் ஒருசேர நிறுத்தி, ஒன்றால் மற்றொன்றை மறைக்காமையே இந்நாடகங்களின் சிறப்பு என்பது எம் துணிபு.