தூண்டில் போட இடம் கிடைத்த கதை



"சிங்கப்பூரில் பயமில்லாமல் தூண்டில் போட எங்கே போகலாம்?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. நாலைந்து இடங்களின் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால், தூண்டில் போடும் இடம் இந்த ஊரில் தானாக அமைந்துவிடவில்லை. அதற்காக யாரோ இடம் விட்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

1977 பிப்ரவரி 27ஆம் தேதி, மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ ஓர் இலக்கு வைத்தார். பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மக்கள் மீன் பிடிக்க வேண்டும் என்றார். தண்ணீரில் இது இத்தனை விழுக்காடு, அது இத்தனை விழுக்காடு என்று அளவுகோல் வைத்திருந்தால் அதிகாரிகளுக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். மீன் என்றால் எல்லாருக்கும் புரியும். தண்ணீரில் உயிர்வாயு இருந்தால் மீன் இருக்கும். உயிர்வாயு இல்லாவிட்டால் நாற்றம்தான் இருக்கும்.

இதற்கு ஆகும் செலவை நினைத்தால், வாரா வாரம் மீன் வாங்கி ஆற்றில் விடுவது மலிவாக இருக்குமே என்று தூய்மைக்கேட்டு ஒழிப்புப் பிரிவின் தலைவராக இருந்த திரு லீ எக் டியெங் வேடிக்கையாகச் சொன்னாராம். பிறகு அந்த வேலையை முன்னின்று நடத்தியவரும் அவர்தான்!

இந்த ஆறு நமக்கு அந்நியமான ஆறு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கப்பல் சரக்கைக் கரைசேர்க்கும் படகுகள் பெரும்பாலும் சூலியாக்கள் எனப்பட்ட தென்னிந்தியப் படகோட்டிகளின் கையில்தான் இருந்தன. அந்தத் தொழில் சீனர்கள் கைக்கு மாறியது பின்னால்தான். சூலியா ஸ்திரீட் என்ற பெயர் இன்றும் அங்கே இருக்கிறது.

தேக்காவுக்கு வாருங்கள். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வியாபாரம் வளர்ந்ததற்கு ஒரு காரணம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொடுத்தது ரோச்சோர். மாடுகள் போய் வெகுநாளான பிறகும், கால்வாயைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த கதையை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரோச்சோர் போய்ச் சேருவது காலாங் படுகையில். ஆகவே 1977ல் வைத்த இலக்கு தேக்காவுக்கும் சேர்த்து வைத்த இலக்குதான்.

அந்தப் பத்து ஆண்டுகளில் நடந்தது சாதாரண வேலை அல்ல. ஏறக்குறைய 26,000 குடும்பங்கள் இடம் மாறின. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. சாலையோரத்தில் கடை போட்டிருந்த சுமார் 5,000 பேர் உணவங்காடிகளுக்குப் போனார்கள். 1983ல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்குச் சென்றன. இழப்பீட்டுத் தொகை நீங்கலாக ஏறக்குறைய 17 கோடி வெள்ளி செலவு. 1987ல் ஆறு சுத்தமானது. மீன் திரும்பி வந்தது.

கம்பத்து வீட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் உள்ள அடுக்குமாடி வீடு கிடைத்தது நல்லதுதான். ஆனால் வாத்து வளர்த்தே பிழைத்த ஒருவருக்குப் பத்தாவது மாடியில் என்ன தொழில் இருக்கும்? ஆற்றின் வெற்றியைப் பேசும்போது இந்தக் கேள்வியை நாம் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

பிறகு கதை திரும்பியது. 2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. கடலோடு கலந்த ஆறு நன்னீர்த் தேக்கம் ஆனது. மீன் பிடிக்கச் சுத்தம் செய்த தண்ணீர், குடிநீருக்கான தண்ணீராகவும் ஆகிவிட்டது. அதனால்தான் இன்று நினைத்த இடத்தில் தூண்டில் போட முடியாது. பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்த இடங்களில் மட்டும் போடலாம், மீறினால் அபராதம். நீர்த்தேக்கங்களில் உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரைதான். பிடோக், மெக்ரிட்சி, கீழ் சிலேத்தார், கிராஞ்சி நீர்த்தேக்கங்களில் இப்படிக் குறித்த இடங்கள் உண்டு.

கடலுக்கும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது. கிழக்குக் கரையைத் தூர்க்கும் வேலை 1966ல் தொடங்கியது. சிக்லாப் போன்ற மீனவக் கம்பங்களின் வாசலில் இருந்த கடல் தள்ளிப்போனது. அதே 1966ல், வியட்னாம் போரில் கழித்துவிட்ட இராணுவத் தளவாடங்களை இறக்குவதற்காக ஒரு வணிகர் கட்டியதுதான் பிடோக் படகுத்துறை. போர்க் கழிவுக்குக் கட்டிய துறை, பின்னாளில் தூண்டில்காரர்களுக்குப் பேர்போன இடமாயிற்று. வடக்கே செம்பவாங், உட்லண்ட்ஸ் படகுத்துறைகளும் உண்டு.

பயம் இல்லையா என்றால், உண்டு. முதல் பயம் இடி. இந்த நாட்டில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இடி மின்னல்தான். கார்பன் தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தும். அதை நீட்டிக்கொண்டு வெட்டவெளியில் நிற்பது மின்னலைக் கூப்பிடுவது மாதிரி. இரண்டாவது கெளுத்தி முள்ளும் திருக்கை வாலும். மூன்றாவது பயம் நம்மால் மற்றவர்களுக்கு. வீசும்போது பின்னால் ஒரு பிள்ளை ஓடி வந்தால் கொக்கி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் கையில் இல்லாததும் உண்டு. 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பல் மீது மோதியது. ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, லாப்ரடார், ஈஸ்ட் கோஸ்ட் கரைகள் வரை எண்ணெய் ஒதுங்கியது. பலகை அனுமதித்த இடம்கூட ஒரே நாளில் ஆகாத இடமாகிவிடும் என்பதை அன்று பார்த்தோம்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் நம் ஊழியர்களில் ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடலைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. கால்வாயில் மீன் ஓடுகிறதே என்று அங்கேயே நரம்பை இறக்கிவிட்டால்தான் வம்பு. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டினால், அவர்களே நண்பர்களோடு அனுமதித்த இடத்துக்குப் போய் நிம்மதியாகத் தூண்டில் போட்டுவிட்டு, வானம் கறுத்தால் கோலை மடக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.