கூரையின் அரசியல்: வளப்பூர் நாட்டிலிருந்து ஒரு குறிப்பு

வைக்கோல் கட்டுகளைச் செங்கல் போல அடுக்கி, மண் பூசி வீடு கட்டலாம் என்று சூழலியல் நண்பர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும்: நிலம் யாருடையது?

இந்த வீட்டுமுறை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் பிறந்தது. மரமற்ற அந்தப் புல்வெளியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக் குடியேறிகள் இயந்திரத்தில் அழுத்திக் கட்டிய புல்லையும் வைக்கோலையும் சுவராக்கினார்கள். ஆர்தர் என்ற ஊரில் 1928இல் இப்படியொரு தேவாலயமே எழுந்தது. 1904இன் கின்கெய்டு சட்டம் அங்கே ஒரு குடியேறிக்கு 640 ஏக்கர் வரை கொடுத்தது. பூர்வகுடிகளிடம் பிடுங்கிய நிலம் அது. அதையும் சேர்த்துத்தான் அந்தச் சுவரைப் பார்க்கணும்.

கொல்லிமலையில் கதை தலைகீழ். வளப்பூர் நாட்டு மலையாளிப் பழங்குடிகள் மண்சுவர் எழுப்பிப் புல் வேய்ந்து வாழ்ந்தவர்கள். அறப்பளீசுவரர் கோயிலுக்குத் தலபுராணம் உண்டு. புல்வீட்டின் வரலாற்றை நாம்தான் எழுதியாக வேண்டும். 1882இன் சென்னை வனச்சட்டம், ஒதுக்கப்பட்ட காட்டில் புல்லறுப்பதைக்கூட அனுமதி கேட்டுச் செய்யும் காரியமாக்கியது. பிறகு சேலத்துச் சேகோ ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. சாமையும் தினையும் கேழ்வரகும் சுருங்கின. கிழங்குக்கு ஏது வைக்கோல்? அங்கே ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னார்: “கூர வேயப் புல்லும் இல்ல, கூட நிக்க ஆளும் இல்ல.” கூரை போனதற்கு இதைவிடச் சுருக்கமான வரலாறு இல்லை.

அதற்காகக் கூரையைப் புனிதப்படுத்த வேண்டாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது ஒரு குடிசைக்குள் வைத்துத்தான். 2004இல் கும்பகோணம் பள்ளியில் கூரை பற்றி 94 குழந்தைகள் செத்தார்கள். இறுக்கிக் கட்டி மண் பூசிய வைக்கோல் சுவர், காற்றுப் புகாததால் அவ்வளவு எளிதில் பற்றாது, உண்மைதான். ஆனாலும் கான்கிரீட் கேட்பவரை நவீனத்துக்கு மயங்கியவர் என்று சொல்ல நமக்கு யோக்யதை இல்லை.

அரசுக்கோ குடிசை என்பது அழிக்க வேண்டிய ஒரு கணக்கு. 2011இன் பசுமை வீடு 300 சதுர அடி, 2024இன் கனவு இல்லம் 360 சதுர அடி. மலைக்காரர் அறிவுக்கு இந்த அளவுகளில் இடமில்லை.

ஆகவே பிரச்சினை வைக்கோலா சிமெண்டா என்பதல்ல. தேர்ந்துகொள்ளும் அதிகாரம் யாரிடம் என்பதுதான். வளப்பூர் நாட்டில் வைக்கோல் வீடு வேண்டுமென்றால், முதலில் சாமைக்கு நியாய விலை கேட்போம். வைக்கோல் பின்னாலேயே வரும்.