கட்டுகிறார் என்பதே சரி

முப்பது ஆண்டுகளுக்கு முன், சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ‘கேட்டமரான்’ என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னபோது, அப்பா தினமும் விடியுமுன் கேட்டமரானைக் கட்டுகிறார் என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். ‘கட்டுகிறார்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து ‘ஓட்டுகிறார்’ என்று திருத்தினேன். பாடநூல் படத்தில் இருந்ததோ பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உடல் கொண்ட பாய்மரப் படகு.

“இல்ல சார், எங்கப்பா கட்டத்தான் செய்வாரு. வந்து பாருங்க” என்றாள்.

மறுநாள் இருட்டோடு போனேன். மணலில் கட்டைகள் தனித்தனியாகக் கிடந்தன. நீர் குடித்த மரம் கனத்துவிடும் என்பதால், கரை திரும்பியதும் அவிழ்த்துக் காயவைப்பார்களாம். அவள் அப்பா, நடுக்கட்டை சற்றுத் தாழ, மற்றவற்றை இருபுறமும் அணைத்துவைத்தார். தென்னங்கயிற்றைச் சுற்றி, கட்டையில் காலை உதைத்து இழுத்தார். கயிறு முறுகி முனகியது. ஓர் ஆணி இல்லை. ஏறிய அலை இடுக்குகள் வழியே வடிந்துவிடும். நிரம்பி மூழ்க அதில் பள்ளமே கிடையாது.

ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட இந்தக் கட்டுமரங்களைத்தான் ‘கேட்டமரான்’ என்ற பெயரால் குறித்தார். துறைமுகம் இல்லாத பழைய சென்னையில், அலை தாண்டி நின்ற கப்பல்களுக்குக் கடிதங்களைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள்.

அந்தச் சொல்லின் பொருள் பிறகு மாறியது. 1876இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றை முந்தினார். மறுஆண்டு காப்புரிமையும் பெற்றார். இரண்டு உடலைப் பிணைக்கும் அமைப்பு பசிபிக் தீவு மக்களிடம் நெடுங்காலமாக இருந்தது. பெயர் மட்டும் நம் கரையிலிருந்து போனது. இன்று உலகம் அந்தப் படகையே கேட்டமரான் என்கிறது. அதையும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘கட்டு’ என்ற வினை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை அடிக்க எனக்கு உரிமை இல்லை.

அன்றே அவள் நோட்டில் என் திருத்தத்தை அடித்து, முழு மதிப்பெண் போட்டேன். இப்போது அந்தக் கரையில் ஃபைபர் படகுகளே அதிகம். ஆசிரியர்களே, ஏதாவதொரு கடலோரப் பிள்ளை இன்னும் அப்படி எழுதினால், சிவப்பு மையை எடுக்குமுன் ஒருமுறை கரைக்குப் போய்ப் பாருங்கள்.