ஐரோப்பிய வரலாற்றில் தந்தையரும் தாய்ப்பாலும்

குழந்தைக்குப் பாலூட்டுதல் தாயொருத்திக்கே உரிய கருமம் என்பது பொதுவான எண்ணம். ஆயின், ஐரோப்பியக் குடும்ப வரலாற்றை நோக்குமிடத்து, யார் பாலூட்டுவது, எவ்வளவு காலம் ஊட்டுவது என்பனவற்றைத் தந்தையரே பல வேளைகளில் தீர்மானித்தமை புலனாகும். அவ்வதிகாரத்துக்கேற்ற அறிவு அவர்களிடம் இருந்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் புளோரன்ஸ் நகரச் செல்வர் தம் குழந்தைகள் பலரை நாட்டுப்புறச் செவிலியரிடம் வளரவிட்டனர். இதற்கான உடன்படிக்கை பெரும்பாலும் குழந்தையின் தந்தைக்கும் செவிலியின் கணவனுக்குமிடையே செய்யப்பட்டது. செவிலி கருவுற்றால் அவளது பால் கெடும் என அக்காலத்தார் நம்பினர். ஆதலின் அவள் கணவனின் ஒழுக்கமும் உடன்படிக்கைக்கு உட்பட்டதாயிற்று. செவிலியின் கூலியையும் குழந்தை பால் மறந்த நாளையும் தந்தையர் தம் குடும்பக் குறிப்பேடுகளிற் பதிந்து வைத்தனர். பெற்றவளின் விருப்பத்தை அவ்வேடுகளிற் காண்பது அரிது.

18ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1748இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கடோகன், இலண்டன் அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் ஆளுநர் ஒருவருக்கு எழுதிய கடிதவடிவான நூலிற் குழந்தை வளர்ப்பைப் பெண்களிடமே விட்டுவிடலாகாது என்றும், தந்தை தன் கண்காணிப்பிலேயே குழந்தையை வளர்க்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். தாயே பாலூட்டவேண்டும் என்ற அவர் கொள்கை நன்மை பயப்பது. ஆயினும், இரவிற் பாலூட்டவே கூடாது என்றும் அவர் விதித்தார். குழந்தை அடிக்கடி உறிஞ்சுவதாலேயே பாற்சுரப்பு நிலைபெறுகின்றது என இன்றைய மருத்துவம் கூறுவதால், அவ்விதி பாற்சுரப்பைக் குறைக்கக்கூடியதே. கண்காணிக்கும் உரிமை மெய்யறிவாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

தந்தையின் அதிகாரம் சட்டத்திலும் இடம்பெற்றது. 1794ஆம் ஆண்டின் பிரசிய நாட்டுப் பொதுச் சட்டம், உடல்நலமுள்ள தாய் தன் குழந்தைக்குத் தானே பாலூட்டக் கடமைப்பட்டவள் என்றது; எவ்வளவு காலம் ஊட்டுவது என்பதைத் தந்தையின் தீர்மானத்துக்கு விட்டது. கடமை தாயினது, முடிவு தந்தையினது. புளோரன்சின் உடன்படிக்கையிற் கண்ட அதே உறவுமுறை, செவிலி நீங்கித் தாய் அவ்விடத்துக்கு வந்தபின்னரும் நீடித்தமை நோக்கற்பாலது.

எனவே, தந்தையரின் ஈடுபாடு இக்காலத்துப் புதுமை எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர்கள் முன்னரும் ஈடுபட்டிருந்தனர். ஆனால் ஆணையிடுவோராக ஈடுபட்டிருந்தனர். இன்று தந்தையர்க்குப் பாலூட்டல் பற்றிய அறிவு புகட்டப்படும்போது, தாயின் களைப்பை உணர்தல், வீட்டு வேலையைப் பகிர்தல், இரவில் உடன் விழித்திருத்தல், அவள் தளரும்போது ஊக்குவித்தல் ஆகியனவே வேண்டப்படுகின்றன. அவ்வறிவு மீண்டும் மேற்பார்வையாக மாறாதிருக்கவேண்டுமெனில், தாயின் முடிவை மதிக்கும் பண்பும் அதனுடன் சேர்த்தே கற்பிக்கப்படல் வேண்டும்.