எதிர்முகமாகப் பிடித்த குப்பி

ஆற்றில் மாதிரி எடுக்கும்போது குப்பியின் வாய் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக இருக்க வேண்டும். கைபட்ட தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது. குப்பியை அலசவும் கூடாது. 1981-ல் பரிசோதனைக்கூட வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம், கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் உறைகிணறு, மேல்நிலைத் தொட்டி, வாய்க்கால் என்று குப்பி பிடித்தேன். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் போவேன். ஐஸ் உருகி வேட்டி நனைந்துவிடும். மாதிரி கெடாமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. முல்லைப் பெரியாற்றில் முழுகி, அதே தண்ணீரை மொண்டுவந்து கோயில் கம்பத்துக்கு ஊற்றும் ஜனம். எங்கள் அப்பா காலத்தில் திருவிழாவுக்குப் போனால் காலரா ஊசி போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வாந்திபேதி என்ற சொல்லையே ஊரில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பயம் அதற்கும் முந்தையது. 1887-ல் மலைமேல் பெரியாறு அணை வேலை தொடங்கியது. காட்டு முகாம்களில் காலராவும் மலேரியாவும் கூலியாட்களை அள்ளிக்கொண்டு போயின. அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான், 1884-ல், ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைப் பார்த்திருந்தார். அணை திறந்தது 1895-ல். கிண்டியில் கிங் நிலையம் வந்தது 1905-ல். சென்னை மாகாணத்தின் தண்ணீரைக் கிருமிக்காகச் சோதிக்கும் தொழில் அங்கே வேரூன்றியது. நான் செய்த வேலை அந்த மரத்தின் ஒரு சிறு கிளை.

வேலை இதுதான். பித்த உப்பும் பால் சர்க்கரையும் கலந்த ஊதா நிறச் சாற்றைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அதற்குள் விரல்நுனி அளவு சின்னக் குழாயொன்றைத் தலைகீழாகப் போட்டிருப்போம். மாதிரித் தண்ணீரைச் சேர்த்து 37 டிகிரிச் சூட்டில் இரண்டு நாள் வைத்தால், கெட்ட தண்ணீரில் சாறு மஞ்சளாகிவிடும். சின்னக் குழாயின் உச்சியில் ஒரு காற்றுக்குமிழி நிற்கும். கோலிஃபார்ம் கிருமி விட்ட மூச்சு அது. அந்தக் கிருமியே ஆளைக் கொல்வது அபூர்வம். ஆனால் இந்தத் தண்ணீரில் மலம் கலந்திருக்கக்கூடும் என்று முதலில் சாட்சி சொல்வது அதுதான். குமிழியைக் கண்டால் எனக்கு அடிவயிறு கலங்கும். அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் பிள்ளைகள் இரண்டு நாளாகக் குடித்திருப்பார்கள். பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி எழுதுவேன். கிருமி என்றாலே எதிரி, கொன்றுவிட வேண்டும் என்று நம்பிய தலைமுறை நாங்கள்.

அந்த நம்பிக்கை ஒருபக்கப் பார்வை என்பது பின்னால்தான் புரிந்தது. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் சாக்கடை நீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். தெளிய முதலில் வாரக்கணக்கில் ஆயிற்று. அடியில் படிந்த சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேலேயே புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, வாரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின. சேற்றில் இருந்த நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்தன. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் 1916-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே வந்து சேர்ந்தார். நூறு வருஷத்துக்கு முன்பே இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்ட அறிவு அது. இன்றைக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாயும் ஆற்றில் ஊர்ச் சாக்கடைகள் வழிநெடுக அப்படியே இறங்குகின்றன. அந்த உயிர்களுக்குக் காற்றும் இல்லை, அவகாசமும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

மகள் படிக்கப் போனது பரங்கிப்பேட்டைக்கு. வெள்ளாற்று முகத்துவாரத்தில் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா வளர்த்த, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் சேற்றிலும் மீன்குடலிலும் என்னென்ன நுண்ணுயிர் குடியிருக்கிறது என்று அங்கே தேடுவார்கள். விடுமுறைக்கு வந்தபோது அவள் சொன்னது என்னை உலுக்கிவிட்டது: “அப்பா, காலராக் கிருமிக்குச் சொந்த ஊரே முகத்துவாரம்தான்.” ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க அறிவியலாளர் கண்டுபிடித்ததாம். உப்பு கலந்த நீரில், கண்ணுக்கு எட்டாத கூனிகளின் மேல் ஒட்டிக்கொண்டு அது காலம் தள்ளுகிறது. பழைய சேலையை மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லி வங்கதேசத்துக் கிராமங்களில் பார்த்தார்கள். காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. எங்கள் அம்மா குடத்து வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டித்தான் தண்ணீர் பிடிப்பாள். தூசிக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் முல்லைப் பெரியாறு தேனிக்கு அருகே வைகையில் சேர்கிறது. வைகை அணையும் மதுரையும் தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போய், மிஞ்சினால் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடுகிறது. ஓய்வு பெற்ற வருஷம் அங்கே போனேன். பையில் ஒரு குப்பி இருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, பழக்கத்தில் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக அதைத் திருப்பினேன். காலடியில் மணல் கடலை நோக்கி நகர்ந்தது. மேலே அலை கரையைப் பார்த்து ஏறி வந்தது. எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் குப்பியும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.