கூகையின் உணவு: கூலாய், செனாய் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களின் வரலாற்றில் ஒரு பக்கம்

சங்கச் சான்றோர் கூகையைக் குரலால் அச்சமூட்டும் பறவையாகப் பல இடங்களில் பாடியுள்ளனர். நற்றிணையின் 83ஆம் பாடலோ அப்பறவையோடு ஓர் உடன்பாடு பேசுகிறது. ஊர் வாயிலில் நீர்த்துறையை ஒட்டி நிற்கும் முதிய மரம் ஒன்றில் கூகை வாழ்கிறது. அம்மரத்தில் தெய்வம் உறைவதாக ஊரார் நம்புகின்றனர். இரவில் தலைவன் வரும் வேளையில் கூகை குழறினால் ஊர் விழித்துக்கொள்ளும், சந்திப்பு தடைப்படும். ஆகவே தோழி கூகையை விளித்து வேண்டுகிறாள். குரல் எழுப்பாதிருந்தால் இறைச்சி கலந்து நெய்யிட்ட வெண்சோற்றையும் சுட்ட எலியையும் நிறையத் தருவதாக அதற்கு வாக்களிக்கிறாள்.

இப்பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் குறிஞ்சித் திணையின் நயத்தை விளக்குவதோடு நின்றுவிடுவது இயல்பு. ஆயினும் அதில் வாழ்வியல் செய்தி ஒன்றும் உண்டு. கூகையின் உணவு எலி என்பதை அக்காலத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். அதே வேளையில், அந்த எலியைத் தமக்கு உகந்த முறையில் நெருப்பில் சுட்டு, நெய்ச்சோற்றோடு சேர்த்துப் படைக்கவே மனம் கொண்டனர். கூகையோ எலியை அவ்வாறு உண்பதில்லை. பச்சையாக, பெரும்பாலும் முழுதாக விழுங்குகிறது. வேட்டையாடும் உயிருக்கு மனிதர் தர விரும்பும் உணவும், அவ்வுயிர் இயல்பாக உண்ணும் உணவும் வேறு வேறு. இந்த வேறுபாடு இருபதாம் நூற்றாண்டில் தென் ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் ஒரு பெரும் வினாவாகவே எழுந்தது.

மனிதர் ஊட்டிய உணவு

வேட்டைப் பிராணியைப் பழக்கித் தம் தொழிலுக்குப் பயன்படுத்தும் வழக்கம் மிகப் பழமையானது. மேனாட்டார் வளர்க்கும் ஃபெரட் என்னும் சிறுவிலங்கு இதற்குத் தக்க சான்று. தோற்றத்தில் கீரியை ஒத்தது. ஆனால் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கிரேக்க நிலநூலாசிரியர் ஸ்திராபோ, இற்றைக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்பெயின் நாட்டில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்த செய்தியைக் குறித்துள்ளார். அவற்றை விரட்ட, இவ்வகை விலங்கின் வாயைக் கட்டி முயல் வளைகளுக்குள் விடுவர் என்றும் அவர் எழுதியுள்ளார். வாயைக் கட்டியதன் காரணம் தெளிவு. கட்டாமல் விட்டால் அது வளைக்குள்ளேயே முயலைத் தின்றுவிட்டு அங்கேயே உறங்கிவிடும்.

அவ்வாறு உழைத்த விலங்குக்கு இங்கிலாந்தில் நெடுங்காலம் அளிக்கப்பட்ட உணவு பாலில் ஊறிய ரொட்டி. ஃபெரட்டின் குடல் மிகக் குறுகியது. உண்ட உணவு மூன்று நான்கு மணி நேரத்தில் அதைக் கடந்துவிடும். தானியத்தையும் நாரையும் செரிக்கும் அமைப்பு அதற்கு இல்லை. ஆகவே பாலும் ரொட்டியும் வயிற்றுப்போக்கையும் மெலிவையுமே தந்தன. பிற்காலத்தார் இதனை உணர்ந்து இறைச்சிக்கு மாற முற்பட்டபோது வேறோர் இடையூறு தோன்றியது. பிறந்த சில மாதங்களுக்குள் எந்த மணத்தை உணவென்று அறிந்ததோ, அதனையே அவ்விலங்கு பின்னரும் உணவாக ஏற்கும். புதியதை முகர்ந்துவிட்டு விலகிச் செல்லும். ஆகவே பழகிய உணவில் பச்சை இறைச்சியைச் சிறிது சிறிதாகக் கலந்து, நாள்தோறும் அளவைக் கூட்டி, இறுதியில் எலும்போடும் தோலோடும் கூடிய முழு இரைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மனிதர் மாற்றியமைத்த ஒன்றை மீண்டும் இயற்கை நெறிக்குத் திருப்புவதற்கும் மனிதரின் பொறுமையே தேவைப்பட்டது.

செம்பனையும் எலியும்

மலாயாவில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதல் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் ஆகும். அடுத்த நாற்பது ஆண்டுகள் ரப்பரே தோட்டத்துறையின் அரசாக விளங்கியது. செயற்கை ரப்பரின் போட்டியால் விலை சரிந்தபோது, 1960ஆம் ஆண்டுகளில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு அவ்விடங்களில் செம்பனை எழுந்தது. 1956இல் நிறுவப்பட்ட ஃபெல்டா, 1961இல் தன் முதல் செம்பனைக் குடியேற்றத் திட்டத்தைக் கூலாய்க்கு அருகேயுள்ள தாயிப் அண்டாக்கில் தொடங்கியது. கூலாயும் செனாயும் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள். 1974இல் செனாயில் வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. அதன் பின்னரும் அதனைச் சூழ்ந்து தோட்டங்களே நெடுங்காலம் பரந்து கிடந்தன.

பயிர் மாறியதும் பகையும் மாறியது. ரப்பர் மரத்தில் எலிக்குக் கிடைப்பது சொற்பம். செம்பனையிலோ ஆண்டு முழுவதும் எண்ணெய் நிறைந்த பழக்குலை உண்டு. வெட்டிய மட்டைகளை அடுக்கிய குவியல்கள் எலிகளுக்குப் பாதுகாப்பான உறைவிடமாயின. மரஎலியும் வயல் எலியும் பெருகி, ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் வாழலாயின. கட்டுப்படுத்தாது விட்டால் எண்ணெய் விளைச்சலில் சுமார் 5 விழுக்காடு எலிகளால் இழப்பாகும் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். 1981இல் மகரந்தச் சேர்க்கைக்காகக் கேமரூனிலிருந்து கொணரப்பட்ட சிறுவண்டு, ஜொகூர்த் தோட்டத்தில் விடப்பட்டு நாடெங்கும் பரவியது. விளைச்சலை உயர்த்திய அவ்வண்டின் புழுக்கள் ஆண் பூங்கொத்துகளில் வளர்ந்தன. எலிகள் அவற்றையும் தேடித் தின்றன. இவ்வாறு, மனிதர் செய்த ஒவ்வொரு சீர்திருத்தமும் எலியின் உணவைப் பெருக்கியது.

1968ஆம் ஆண்டின் விருந்தினர்

எலி பெருகிய இடத்தை அதனை உண்ணும் பறவை நாடி வந்தது. இதய வடிவான வெண்முகமும் பொன்னிற முதுகும் கொண்ட ஆந்தையினமே இன்று தமிழில் கூகை என வழங்கப்படுகிறது. உலகின் பல நாடுகளில் காணப்படினும் இப்பறவை மலாயாத் தீவக்குறையில் அதற்கு முன் மிக அரிது. இந்நாட்டில் அது கூடு வைத்து இனம்பெருக்கியதாக முதன்முதல் பதிவானது 1968இல். பதிவான இடம் கூலாய் ஃபிரேசர் தோட்டம். தென்கோடியில் தொடங்கிய அக்குடியேற்றம் செம்பனையின் பரவலைப் பின்பற்றி வடக்கு நோக்கிச் சென்றது. ஒருவரும் அழைத்து வாராத விருந்தினராக அப்பறவை வந்தது என்பது நினைவில் இருத்தத்தக்கது.

தோட்ட மக்கள் இவ்விருந்தினரை உவந்து வரவேற்கவில்லை. ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்பது தமிழ்த் தொழிலாளர் லயங்களில் வேரூன்றிய நம்பிக்கை. மலாய் மொழியில் ஆந்தைக்கு வழங்கும் பொதுப்பெயரின் பொருளே பேய்ப்பறவை என்பதாகும். பறவையைக் கல்லெறிந்து விரட்டுதல் எங்கும் இயல்பாயிருந்தது. அதன் பயனை எடுத்துரைக்க ஆய்வறிவு தேவைப்பட்டது. டக்கெட் என்பார் 1976இல், செம்பனைத் தோட்டங்களில் எலிகளை உண்ணும் ஆந்தைகளைப் பற்றித் தோட்டத்துறை இதழில் எழுதினார். கிரஹாம் லெண்டன் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வின்வழி அப்பறவையின் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்தார். பிற்காலத்தில் டக்கெட்டோடு இணைந்து, கூகையைத் தோட்டங்களில் பயன்படுத்தும் முறை பற்றிய வழிகாட்டியை எழுதியவருள் கருப்பையா என்னும் தமிழ்ப்பெயரும் காணப்படுவது, இவ்வரலாற்றில் தோட்டத் தமிழரின் பங்கை நினைவூட்டுகிறது.

கூகை கூடு கட்டுவதில்லை. பொந்துகளையும் கூரை இடுக்குகளையுமே நாடும். செம்பனையில் பொந்து இல்லை. ஆகவே தோட்ட நிருவாகத்தினர் கம்பங்களின்மேல் மரப்பெட்டிகளை அமைத்துக் கொடுத்தனர். ஏறத்தாழ ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்பது பொதுவான அளவு. மனிதர் கொடுத்தது இருப்பிடம் மட்டுமே. உணவைப் பறவையே தேடிக்கொண்டது.

முழு இரை

லெண்டனின் ஆய்வுக்குக் கைகொடுத்தது கூகையின் உணவுமுறையே. எலியைத் தலைப்பக்கமாக விழுங்கும் கூகை, சதையைச் செரித்தபின் செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகத் திரட்டி வாய்வழியே கக்குகிறது. பெட்டியின் அடியில் குவியும் இவ்வுருண்டைகளைப் பிரித்தால் மண்டையோடுகளும் பற்களும் சிதையாமல் கிடைக்கும். அவற்றை எண்ணி, எந்த இனத்து எலி, எத்தனை என்று கூறிவிடலாம். இவ்வாறு கணக்கிட்டபோது, செம்பனைத் தோட்டக் கூகைகளின் இரையில் 98 விழுக்காட்டிற்கு மேல் எலிகளே என்பது தெரியவந்தது. ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை உண்ணும் என்றும் மதிப்பிடப்பட்டது.

குஞ்சுகளுக்கு ஊட்டும் முறையும் அறியத்தக்கது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சால் முழு எலியை விழுங்க இயலாது. ஆண் கொண்டுவரும் எலியைத் தாய் கிழித்து, மென்மையான சிறு துண்டுகளைக் குஞ்சின் வாயில் இடும். நாள் செல்லச் செல்லத் துண்டுகள் பெரிதாகும். மூன்று வாரத்தை நெருங்கும்போது குஞ்சு எலியை முழுதாக விழுங்கக் கற்றுவிடும். ஃபெரட்டை வளர்ப்போர் தம் பிராணிக்குப் படிப்படியாகக் கற்பிக்க முயலும் அதே பாடத்தைத் தாய்க்கூகை இயல்பாகவே கற்பிக்கிறது. மயிரும் எலும்பும் ஈரலும் அடங்கிய முழு இரையே அவ்வுயிர்களுக்கு நிறைந்த உணவு.

எனினும் கூகையை எங்குக் கொண்டுசென்றாலும் எலியையே உண்ணும் என்று முடிவு செய்தல் பிழையாகும். சீஷெல்ஸ் தீவுகளில் 1949இல் எலிகளை ஒழிக்கும் நோக்கத்துடன் இவ்வினத்தைக் கொண்டுவந்து விட்டனர். அங்கு அது எளிதில் கிடைத்த வெண்ணிறக் கடற்பறவைகளை வேட்டையாடியது. இறுதியில் அதனைக் கொல்வோர்க்குப் பரிசளிக்கும் நிலை ஏற்பட்டது. செம்பனைத் தோட்டத்தில் எலியே மிகுதி, ஆகவே எலியே உணவாயிற்று. இடத்தை அறியாது உயிரை இடம்பெயர்த்தல் தீங்கில் முடியும் என்பதற்கு அத்தீவுகள் சான்று.

இரைக்குள் இருந்த நஞ்சு

கூகை ஒருபுறம் எலியை வேட்டையாட, மறுபுறம் நஞ்சுக்கட்டிகள் தொடர்ந்து பயன்பட்டன. தொழிலாளர் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கட்டி வீதம் வைத்துச் செல்வர். சில நாள் கழித்து, எலி எடுத்த இடங்களில் மீண்டும் வைப்பர். தொடக்கத்தில் பயன்பட்ட வார்ஃபரின் என்னும் மருந்து இரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்லும். 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அம்மருந்துக்கு அடங்காத எலிகள் தோன்றின. அதனால் புரோடிஃபாக்கும் போன்ற இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் தோட்டங்களுக்குள் வந்தன. இவை மிகக் கடுமையானவை. உண்ட உயிரின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கி நிற்பவை.

நஞ்சுண்ட எலி உடனே இறப்பதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். பதுங்கும் எச்சரிக்கையை இழந்து வெட்டவெளியில் நடமாடும். பறவைக்கு அதனைவிட எளிய இரை இல்லை. எலியை முழுதாக விழுங்கும் கூகை, அதன் ஈரலையும் அதில் தங்கிய நஞ்சையும் சேர்த்தே விழுங்குகிறது. இரையின் எந்த உறுப்பையும் விலக்காமல் உண்ணும் இயல்பே அதன் வலிமை; இங்கு அவ்வியல்பே கேடாயிற்று. இந்நஞ்சுகள் பயன்பட்ட தோட்டத்தில் கூகைகளின் எண்ணிக்கை பெரிதும் சரிந்ததை 1984இல் டக்கெட் எடுத்துரைத்தார். பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேராத் தோட்டங்களில் செய்த ஆய்வுகள், நஞ்சிட்ட பகுதிகளில் கூகையின் குஞ்சுகள் வளர்ந்து பறக்கும் அளவு குறைவதைக் காட்டின.

இதில் தோட்ட நிருவாகத்தின் இக்கட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எலிகள் பல்கிப் பெருகிய நிலையில் கூகை மட்டுமே அவற்றை விரைந்து குறைத்துவிடாது. நஞ்சு விரைவில் பயன் தரும். கூகை மெல்லப் பயன் தரும். ஆனால் நஞ்சை நிறுத்தியதும் எலி மீண்டும் பெருகும். கூகையோ குறைந்த எலித்தொகையைக் குறைந்த அளவிலேயே நிறுத்தும் ஆற்றலுடையது. ஆகவே எலியை முதலில் கட்டுப்படுத்தவேண்டிய இடத்தில் கடுமை குறைந்த மருந்தை அளவோடு இடுதல், எலித்தொகை தணிந்தபின் அப்பணியைக் கூகையிடம் விடுதல், பெட்டிகளைப் பேணுதல் என்னும் இணைந்த முறையே அறிஞர் பலரால் பரிந்துரைக்கப்படுகிறது.

வரலாறு உணர்த்துவது

திருக்குறளின் காலமறிதல் அதிகாரம், பகலில் காக்கையிடம் தோற்கும் கூகையைக் காட்டித் தொடங்குகிறது. இரவில் வெல்லும் அப்பறவையின் வலிமைக்குப் பகல் உரிய பொழுதன்று என்பதே அங்குள்ள குறிப்பு. காலத்தை அறிதல் போன்றே உணவை அறிதலும் ஓர் உயிரை அறிவதன் இன்றியமையாத பகுதி. மேனாட்டார் ஃபெரட்டுக்குப் பாலும் ரொட்டியும் தந்தது அறியாமையால். அதன் தீங்கு அவ்வொரு விலங்கோடு முடிந்தது. தோட்டத்தில் எவரும் கூகைக்கு உணவு கொடுக்கவில்லை. ஆயினும் எலிக்கு வைத்த ஒவ்வொரு கட்டியும் கூகையின் உணவாகவே மாறியது. எலியின் உணவைத் தீர்மானிப்பவர் கூகையின் உணவையும் தீர்மானிக்கின்றார்.

1968இல் கூலாயில் பதிவான முதற்கூட்டிலிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. தோட்ட நிலத்தின் ஒரு பகுதி தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் மாறிவிட்டது. லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. செம்பனை நிற்கும் இடங்களில் எலியும் நிற்கிறது. அழையாது வந்து ஊதியம் கேளாது உழைக்கும் அப்பறவைக்கு நெய்ச்சோறும் வேண்டா, சுட்ட எலியும் வேண்டா. நஞ்சில்லாத எலி ஒன்றே போதும். அதனை அளிப்பது மனிதரின் கையிலேயே உள்ளது.