யவனர் தேறலும் கோஸ் தீவின் வெண்மதுவும்

சங்க நூல்களிலே யவனரைப் பற்றிய குறிப்புகள் பல உள. அவற்றுள் புறநானூற்றின் 56ஆம் பாட்டு வரலாற்று மாணவர் நன்கறிந்தது. நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துமிடத்து, யவனர் கொணர்ந்த தண்ணிய நறுமணத் தேறலை வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட, அவன் மகிழ்ந்திருப்பானாக என்கின்றார். இதனைக் கொண்டு, மேலைநாட்டின் தலைசிறந்த மதுவே தமிழ் மன்னர் அவைக்கு வந்தது என்று நம்மவர் சிலர் பெருமிதத்தோடு கூறுவர். அக்கூற்று எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த ‘பெரிப்புளூஸ்’ என்னும் கடல்வழி நூல், முசிறிக்கு வந்த பண்டங்களுள் மதுவையும் குறிப்பிடுகின்றது. ஆயின் அது சிறிதளவே வந்தது என்கின்றது. கீழைக்கரையிலோ புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேடு சான்று தருகின்றது. அங்கு 1945இல் மோட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்வு நடத்தினர். கிடைத்த இருகைச் சாடிகளின் உடைசல்களை ஆராய்ந்த எலிசபெத் வில் என்னும் அம்மையார், அவற்றுள் பெரும்பகுதி கோஸ் தீவின் சாடிகளும் அவற்றைப் போலச் செய்தனவும் என்று கண்டார். இரு மண்கோல்களை ஒட்டவைத்தாற் போன்ற கைப்பிடியே அச்சாடிகளின் அடையாளம்.

கோஸ் என்பது மருத்துவ அறிஞர் இப்போகிறாத்தீசு பிறந்த தீவு. அதன் மது, திராட்சைச் சாற்றோடு கடல்நீரைக் கலந்து செய்யப்பட்டது. இக்கலப்பின் தோற்றத்தை உரோம அறிஞர் பிளினி தம் நூலின் 14ஆம் பாகத்தில் உரைக்கின்றார். அடிமை ஒருவன் சாற்றைத் திருடி, அளவு குறையாதிருக்கக் கடல்நீரை வார்த்து நிரப்பினானாம். களவை மறைக்கச் செய்த கலப்பே பின்னர் முறையாயிற்று. வெண்ணிறச் சாற்றில் இவ்வாறு செய்ததற்கு, ‘வெள்ளைக் கோஸ் மது’ எனப் பொருள்படும் ‘லியூக்கோகூம்’ என்பது பெயர்.

இம்முறையை இத்தாலியர் முன்னரே பின்பற்றினர். கி.மு. 149இல் இறந்த கேற்றோ தம் வேளாண்மை நூலில் செய்முறையைக் கூறுகின்றார். அறுவடைக்கு 70 நாள் முன்னர், காற்றற்ற வேளையில், ஆற்றுநீர் கலவாத ஆழ்கடலில் நீர் மொள்ளல் வேண்டும். அதனைத் தாழியில் மூச்சு விடுமாறு மூடிவைத்து, 30 நாள் கழிந்தபின் அடிமண்டி கலங்காது வேறு தாழிக்கு மாற்றுதல் வேண்டும். மேலும் 20 நாளின்பின் மற்றுமொருமுறை மாற்றுதல் வேண்டும். 50 அளவு கொள்ளும் தாழிக்கு இந்நீர் 10 அளவு. அதாவது ஐந்திலொரு பங்கு. வெயிலில் உலர்த்திய திராட்சையை அதில் இட்டனர். அதே கேற்றோ, அடிமைகளுக்கு அளிக்கும் மலிவான மதுவிலும் பழைய கடல்நீரைச் சேர்க்கச் சொல்கின்றார்.

இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? அரிக்கமேட்டிற்கு வந்த மதுவிற் பெரும்பகுதி உரோமச் செல்வர் தேடிய அரிய மது அன்று. நெடுங்கடலைக் கடந்து விலைபோகத்தக்க பொதுமது என்றே எண்ண இடமுண்டு. எனினும் இங்கு எச்சரிக்கை வேண்டும். ஓடு சாடியின் பிறப்பிடத்தை அறிவிக்குமேயன்றி, உள்ளிருந்தது வெள்ளையோ சிவப்போ என்று உரைக்காது. நன்மாறன் பருகியது இதுவே என்றும் துணிதல் கூடாது. பாட்டில் வரும் ‘கலம்’ என்னும் சொற்கூட மரக்கலத்திற்கும் சாடிக்கும் பொதுவன்றோ!

ஓட்டின் பிறப்பிடமும் ஆராயாது கொள்ளத்தக்கதன்று. உரோமச் சாடிகள் என முன்னர்க் கொள்ளப்பட்ட உடைசல்கள் பல, உட்புறம் நிலக்கீல் பூசிய மெசொப்பொத்தேமிய, பாரசீகச் சாடிகள் என்பதை றொபேற்றா ரொம்பர் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினார். நம் நாட்டு அநுராதபுரத்தில் கிடைத்த அத்தகைய ஓடுகளின் நிலக்கீல் ஈரானின் சூசா நகர்ப் பகுதியதென 2008இல் வெளியான ஆய்வு கூறியது. ஆதலின், இலங்கையிற் கிடைக்கும் சாடியோடெல்லாம் உரோம மதுவுக்குச் சான்று என்று எழுதுதல் தவறாகும்.

இவ்வாராய்ச்சியால் புலவர் பொய்த்தார் என்பது பெறப்படுமா? பெறப்படாது. தேறு என்னும் அடியினின்று பிறந்த ‘தேறல்’, தெளிந்தது என்னும் பொருளது. கேற்றோ இருமுறை மாற்றித் தெளியவைத்ததையும் இச்சொல்லையும் அருகே வைத்து நோக்கின், தெளிவையே இரு நாட்டாரும் நாடினர் என்பது விளங்கும். தன் ஊரிற் பொதுப்பொருளாயிருந்தது, கடல் கடந்து அரிதாய் வந்தபோது பொற்கலத்திற்கு உரியதாயிற்று. பண்டத்தின் மதிப்பு பண்டத்தில் மட்டும் இல்லை. வந்த தொலைவிலும் ஏற்றவர் கண்ணிலும் உண்டு. மன்னன் அவையில் அம்மது பெற்ற மதிப்பைப் பாட்டுச் சொல்கின்றது. அம்மது பிறந்த இடத்தை ஓடு சொல்கின்றது. ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறைப்பவர், குறைந்த அளவைக் கடல்நீரால் நிரப்பிய அடிமையின் செயலையே வரலாற்றிற் செய்பவராவர். சான்று குறைந்தவிடத்துப் பெருமையை வார்த்து நிரப்பாதிருத்தலே வரலாறு கற்பார்க்கு அழகாகும்.